8 பேர்ச் வளவும் இரண்டு மகள்மாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கல்யாண வயதில் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

மனைப்பொருளியல் படிப்பிக்கிற டீச்சர் நான். போன வருடம் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அவரவர் வீட்டைக் காலடியால் அளந்து, ஒரு தாளில் படம் கீறிக்கொண்டு வரவேண்டும். எந்த அறையில் யார் படுக்கிறார்கள், எந்தப் பக்கம் யன்னல், வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது, கிணறு எங்கே, குழி எங்கே, எல்லாம் குறிக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். சிலர் கலர் அடித்து, பூச்சாடி எல்லாம் வைத்திருந்தார்கள்.

ஒரு பிள்ளையின் படத்தில் வீட்டுக்குப் பின்னால், டொய்லெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே "உம்மம்மா" என்று எழுதியிருந்தாள். யன்னல் குறியைக் காணவில்லை. மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து, "இதுக்கு யன்னல் எங்க மகள்?" என்று கேட்டேன்.

"அதுக்கு யன்னல் இல்ல டீச்சர். அங்கால சின்னம்மாட செவரு."

மற்றப் பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு புதினமே இல்லை. அந்தத் தாளுக்குப் புள்ளி போடாமல் மேசையில் வைத்துவிட்டேன். அதே மாதிரி ஒரு பெட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. அதில் எங்கட உம்மா 11 வருடம் படுத்தா.

வெளியூர் நண்பர்களும் இந்தப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கட காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். ஒரு மகள் என்றால் ஒரு வீடு, மூன்று மகள் என்றால் மூன்று வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் 40 ஆயிரத்துக்கு மேல் சனம். ஊர் நீளவும் முடியாது, அகலவும் முடியாது. ஆனால் மகள்மார் பிறந்துகொண்டே இருப்பார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

எங்கட வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பெண்பிள்ளைகள். உம்மாவின் சீதன வளவு 24 பேர்ச். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 8. நான் மூத்தவள். 2001 இல் எனக்குக் கல்யாணம் நடந்தபோது வாப்பாவும் உம்மாவும் தாங்கள் இருந்த பெரிய அறையை எங்களுக்குத் தந்துவிட்டு நடு அறைக்குப் போனார்கள். பிறகு இரண்டாவது தங்கச்சிக்கு அங்கால ஒரு வீடு கட்டி அங்கே குடிபோனார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் கடைசித் தங்கச்சிக்குக் கட்டிய அரைகுறை வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு படி பின்னுக்குப் போனார்கள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா என்னிடமே திரும்பி வந்தா. அப்போது என் வீட்டில் இடமில்லை. பிள்ளைகளுக்கு ஒரு அறை, எங்களுக்கு ஒரு அறை, முன்னுக்குப் பெரிய ஹோல். அதனால் குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கி, சீமெந்துக் கல் வைத்து, 6 அடிக்கு 9 அடியில் ஒரு அறை கட்டினோம். "எனக்கு ஏன் மகள் பெருசா, தொழவும் படுக்கவும் இடமிருந்தாப் போதும்" என்று உம்மாவும் சொன்னா.

உம்மாமார் அப்படித்தான் சொல்வார்கள். நாங்களும் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வோம்.

எங்கட வளவு 33 அடி அகலம், 66 அடி நீளம். பெருக்கிப் பாருங்கள், சரியாக 8 பேர்ச் வரும். ஒழுங்கை கிழக்கில். வீட்டின் முகம் கிழக்கு, முதுகு மேற்கு. உம்மாவின் அறை மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தகரக் கூரையோடு, பின்னேர வெயிலை முழுதாக வாங்கிக்கொண்டு நின்றது. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கிற காலத்தில் அந்த அறைக்குள் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

2013 இல் வங்கிக் கடன் எடுத்து மேல்மாடி போட்டோம். மூத்த மகளுக்கு அப்போது 10 வயது. "இப்பவே போட்டாத்தான் உண்டு" என்று எல்லோரும் சொன்னார்கள். பிளாட் போட்டு, இரண்டு அறை கட்டி, மாபிள் பதித்து, பூட்டி வைத்தோம். 10 வருடம் அந்த அறைகளில் ஒருவரும் படுக்கவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் தவணை கழிந்தது. மேலே உடுப்புக் காயப்போட்டோம், பழைய கொப்பிகளை அடுக்கினோம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுக்கிற பாத்திரங்களை வைத்தோம். கீழே தகரத்துக்குள் உம்மா.

2022 வந்தது. நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். காற்றாடி நின்றதும் வீட்டின் குணம் தெரிந்துவிட்டது. மேல்மாடியில் இராப் பத்து மணிக்கும் இருக்க முடியவில்லை. கொங்கிறீற் பிளாட் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, இரவில் அதைத் திருப்பி எங்கள் தலையில் இறக்கியது. ஹோல் பெரிது, ஆனால் கண்ணாடி யன்னல்கள் பாதிக்கு மேல் திறக்கமாட்டாது. எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு பின் முற்றத்தில் மாமரத்தடிக்குப் போனோம். அங்கேதான் உம்மா அன்று சொன்னா:

"உங்கட வாப்பா கட்டின ஊட்டுல காத்து இரிந்திச்சி. நீங்க கட்டினதுல கரண்டு இரிக்கி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அடுத்த வருடம் உம்மா மௌத்தாகிவிட்டா. அல்லாஹ் அவவின் கப்றை விசாலமாக்குவானாக. அந்த துஆவைக் கேட்கும்போது எனக்கு அந்த 6 அடிக்கு 9 அடிதான் முன்னுக்கு வரும்.

அதற்குப் பிறகு மூத்த மகளுக்குப் பேச்சு வரத் தொடங்கியது. இரண்டாவது மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் எல்லோரும் ஒரே முடிவு: பின் முற்றத்தில் இன்னொரு வீடு போடுங்கள், மரத்தையும் கிணற்றையும் எடுத்தால் 700 சதுர அடி வரும், மேலே இன்னொரு தட்டும் எழுப்பலாம். படமும் கீறிவித்தோம்.

படம் கீறித் தந்த தம்பிதான் இரண்டு விசயம் சொன்னார். முதலாவது, பின்பக்கம் 7½ அடி திறந்த வெளி விடவேண்டும். அது சட்டம். இரண்டாவது, நகர அபிவிருத்தி ஒழுங்குவிதிப்படி ஒரு துண்டு சாதாரணமாக 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். 8 பேர்ச்சை இரண்டாக வெட்டினால் ஆளுக்கு 4. தனித்தனி உறுதி எழுத வழியில்லை. பிரிபடாத பங்கு என்றுதான் எழுதலாம். அந்தப் பிரிபடாத பங்குகள் பிறகு எத்தனை மச்சான்மாரைப் பிரித்துவிட்டன என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கதை இருக்கிறது.

நான் இன்னொன்றையும் பார்த்தேன். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். எங்கள் வளவு அகலமே 33 அடி. பக்கத்து வீட்டுக் குழி என் கிணற்றுக்கு எத்தனை அடி, என் குழி அவர்களின் கிணற்றுக்கு எத்தனை அடி? குழாய்த் தண்ணீர் வந்ததால் இதை எல்லோரும் மறந்துவிட்டோம். மணல் மறக்காது. அது எதை வாங்கினாலும் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். மழைக்கும் அப்படித்தான். எங்கட மண் கடற்கரை மண், எவ்வளவு மழையையும் குடிக்கும். நாங்கள் முற்றம் முழுதும் இன்டர்லொக் கல் பதித்துவிட்டு, ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது என்று புகைப்படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் முற்றத்துத் தண்ணீர் வடிந்த வேகத்தையும் கல் பதித்த வளவுகளில் தேங்கி நின்றதையும் நான் பார்த்தவள்.

செலவு வேறு. கொரோனாக் காலத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் 3000 ரூபாயைத் தொட்டது. பிறகு குறைந்தாலும் பழைய விலைக்கு வரவேயில்லை. பிள்ளைகளின் வாப்பா புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். எனக்குப் பழைய கடனே முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் வகுப்பில் கொடுத்த வேலையை எங்கள் வீட்டுக்கே செய்தேன். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதினேன்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் இருந்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவு இதுதான். வீட்டின் மிகப் பெரிய அறை முன் ஹோல், 22 அடிக்கு 14 அடி, 308 சதுர அடி. அதில் ஒரு செற்றி செற், ஒரு கண்ணாடி அலுமாரி. அந்தக் கிழமையில் அதில் ஆள் இருந்தது மொத்தம் 3 மணித்தியாலம். மேல்மாடி 528 சதுர அடி, உடுப்புக் காயப்போட்ட நேரம் தவிர யாருமில்லை. 11 வருடம் ஒரு மனிசி இராப்பகலாகப் புழங்கிய அறை 54 சதுர அடி.

நான் அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குசினியில் போய் நின்றேன்.

இடமில்லை என்று 11 வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இடம் இருந்தது. வராத விருந்தாளிக்கும், இன்னும் வராத மாப்பிள்ளைக்கும் ஒதுக்கி வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்தேன். இரண்டு விசயம் மட்டும் இங்கே சொல்கிறேன், இரண்டும் நம் நாட்டில் நடந்தவை. 1950களில் கண்டி வட்டபுளுவவில் அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒரு வீட்டுத் திட்டம் வந்தது. அதை வடிவமைத்தவர் மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக் கலைஞர். படம் கீற முதல், குடிவரப் போகிறவர்களிடம் கேள்விகள் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கினார். எப்படிச் சமைப்பீர்கள், யார் யார் இருப்பீர்கள், என்ன வழக்கம் என்று. எல்லாச் சமூகத்தவரும் இருந்த இடம் அது. நாங்கள் எங்கள் சொந்தப் பிள்ளைக்குக் கட்டும்போதுகூட அவளிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை.

மற்றது கிரிந்தை. 2004 சுனாமியில் அழிந்த முஸ்லிம் மீனவக் கிராமம். அங்கே ஷிகெரு பான் என்ற யப்பானியக் கட்டடக் கலைஞர் வீடுகள் கட்டிக் கொடுத்தார். மண்ணை அழுத்திச் செய்த கற்கள், கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். மறைப்புக்கும் கதவுக்கும் நம் நாட்டு ரப்பர் மரம். வீட்டுக்கு நடுவில் கூரை போட்ட ஒரு திறந்த இடம், காற்று வரவும் நாலு பேர் கூடவும். அறைகளை மரத் தட்டியால் மறைக்கலாம், தேவைப்பட்டால் திறக்கலாம். எங்கட பெண்களின் மறைப்பையும் விருந்தோம்பலையும் யப்பானில் இருந்து வந்த ஒரு மனிசன் யோசித்திருக்கிறார். நாங்கள் யோசிக்கவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

பின் முற்றத்தில் கட்டவில்லை. உம்மாவின் தகர அறையை உடைத்தோம். அதே இடத்தில், மேற்குச் சுவரோடு ஒட்டி, மேல்மாடிக்கு வெளிப்படி வைத்தோம். முன்பு படி ஹோலுக்குள்ளே இருந்தது. மேலே போகிறவர் எல்லாம் கீழ்வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். இப்போது மேல்வீடு தனி வீடு. படிக்குக் கீழே வாளி, தேங்காய், விறகு, சைக்கிள். பின்னேர வெயில் இப்போது படியிலும் சாமானிலும்தான் விழுகிறது, மனிசர் படுக்கிற சுவரில் இல்லை.

ஹோலுக்குள் படி இருந்த இடமும் மிச்சமானது. ஹோலை 12 அடி, 10 அடி என்று இரண்டாகப் பிரித்தோம். கல்லால் பிரிக்கவில்லை. பாதிக்கு அலுமாரியே சுவர், மீதிக்கு இழுத்துத் திறக்கிற மூன்று பலகைக் கதவு. 10 அடிக்கு 14 அடி அறை எங்களுக்கு, பெற்றோருக்கு. ஊரில் வழமைப்படி பின்னுக்குப் போகவேண்டியவர்கள் முன்னுக்கு, கடற்காற்று வருகிற கிழக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். ஒழுங்கையால் போகிறவர் பார்க்காதபடி யன்னலை நெஞ்சுயரத்துக்கு மேல் வைத்து, கீழே ஓட்டைக் கல் பதித்தோம். காற்று கீழாலும் வரும், கண் வராது. நிக்காஹ், கத்தம், நோன்பு திறப்பு என்றால் மூன்று கதவையும் இழுத்துவிட்டால் பழைய ஹோல் அப்படியே வந்துவிடும்.

வீட்டின் வடக்குப் பக்கத்தில் கிடந்த இடைவெளியில் 5 அடிக்கு 7 அடியில் ஒரு பாத்ரூம், எங்கள் அறையிலிருந்தே போகலாம். கதவு 3 அடி, படி இல்லை. இவருக்கு 58 வயது, எனக்கு முழங்கால் வலி. இதை இப்போதே செய்தால் செலவு குறைவு. சக்கர நாற்காலி வந்த பிறகு கதவு நிலையை உடைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பாத்ரூமுக்கு நேர் மேலே மேல்வீட்டுப் பாத்ரூமும் குசினியும். குழாய் ஒரே வழியால் இறங்குகிறது. பிளாட்டுக்கு மேல் 3 அடி உயரத்தில் இரும்புச் சட்டம் போட்டு ஒரு சீற் கூரை, நாலு பக்கமும் திறந்தது. வெயில் முதலில் சீற்றில் விழுகிறது, இடையில் காற்று ஓடுகிறது, பிளாட் முன்னைப்போல் சுடுவதில்லை. உடுப்பும் மழைக்கு நனையாமல் அங்கேயே காய்கிறது. அந்தக் கூரைத் தண்ணீரை ஒரு 1000 லீற்றர் தாங்கிக்கு விட்டிருக்கிறோம். செடிக்கும் கழுவவும் போகும்.

இன்னுமொன்று. எங்கட ஊரின் எந்தக் கூரையில் ஏறிப் பார்த்தாலும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். அடுத்த மகளுக்கு மேலே எழுப்ப வேண்டும் என்று விட்ட கம்பிகள். கடற்காற்றில் அவை துருப்பிடித்து, துரு உள்ளே இறங்கி, தூணையே வெடிக்க வைக்கிறது. 20 வருடம் நின்ற கம்பியில் இன்னொரு தட்டு எழுப்புகிறார்கள், யா அல்லாஹ். கம்பி விடுவதென்றால் மெலிந்த கொங்கிறீற்றால் தொப்பி மாதிரி மூடிவிடுங்கள், தேவைப்படும்போது தட்டி எடுக்கலாம். எங்களுடையதை மேசன் பாஸ் பார்த்துவிட்டு இனி இதில் பாரம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெட்டிவிட்டோம். வெட்டுகிற நேரம் இவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

பிழைகளும் நடந்தன, அதையும் சொல்லவேண்டும். பலகைக் கதவு சத்தத்தை நிறுத்தாது. நான் வகுப்புக்குத் தயார் பண்ணும்போது ஹோலில் படிக்கிற மகள் "உம்மா வாய்விட்டு வாசிக்காதீங்க" என்பாள், அவள் போனில் பேசுவது எனக்குக் கேட்கும். ஓடாவியிடம் பலகைக்கு நடுவில் தும்பு வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மேலே காற்றுக்கென்று விட்ட துவாரங்களால் மார்கழி வாடையில் மழைச் சாரல் அடித்து மெத்தை நனைந்தது. பிறகு வெளியே தகர மடல் வைத்தோம். மேசன் பாஸ் வேறு ஒவ்வொரு நாளும், "டீச்சர், செவரு இல்லாத ஊட்ட ஊடு எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார். வேலை மட்டும் சுத்தம், மாஷா அல்லாஹ்.

இரண்டு மகள்மாருக்கும் உறுதி எப்படி என்று கேட்பீர்கள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தொடர்மாடிகளுக்கான உரிமைச் சட்டம். நிலத்தை வெட்டாமல், தட்டுத் தட்டாகத் தனி உரிமை எழுத அதில் வழி உண்டு. அதற்கென்று தனிப் படம், அனுமதி, செலவு எல்லாம் இருக்கிறது. நாங்கள் நொத்தாரிசிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். கொழும்பில் மாடி வீடு வாங்குகிறவர்கள் செய்வதுதான். எங்கட ஊரில் யோசிக்க ஆளில்லை.

வேலை பாதியில் நின்றபோதுதான் முதல் பேச்சுக்காரர் வீடு பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். வந்தவர்கள் மேலே ஏறிப் பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், பின் முற்றத்தைப் பார்த்தார்கள். ஒரு மாமி கேட்டா, "ரெண்டாவது புள்ளைக்கு எங்க?" இதே வீட்டின் கீழ்ப்பகுதி என்று சொன்னேன். "அப்ப கேற் ஒண்டா?" ஒன்றுதான் என்றேன். "நீங்க ரெண்டு பேரும்?" எங்கள் அறையைக் காட்டினேன். தேத்தண்ணி குடித்தார்கள். ஒரு கிழமையில் பதில் வந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டுமாம்.

அன்றிரவு என் இரண்டாவது தங்கச்சி வந்து அழுது சண்டை பிடித்தாள். "ராத்தா, உங்கட படிப்ப புள்ளைட வாழ்க்கைல பரீட்சை பாக்காதீங்க. முன்னுக்கு ஹோல் இல்லாத ஊட்டுக்கு ஆரு வருவா?" எனக்குப் பதில் வரவில்லை. அவளும் மகள்மார் உள்ளவள். அவள் சொன்னதில் பாதி பயம், பாதி பாசம். மகளிடம் போய், "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். மினெட் டி சில்வா கேட்ட கேள்வியை நான் அவ்வளவு பிந்தித்தான் கேட்டேன். அவள் சொன்னாள், "எனக்கு மேல போதும் உம்மா. நீங்க தகரத்துக்குப் போகாம இருந்தாச் சரி."

ஏழு மாதம் யாரும் வரவில்லை. அந்த ஏழு மாதத்தை இங்கே எழுதமாட்டேன். ஊரில் கல்யாணத்துக்குப் போனால் பெண்கள் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும்.

பிறகு வந்த குடும்பத்தில் மாப்பிள்ளையின் உம்மா மட்டும் வீடு முழுதையும் பார்க்காமல் எங்கள் அறையில் இருந்துவிட்டா. பின்னேர நேரம், கடற்காற்று. "இது ஆருட அறை?" என்று கேட்டா. எங்களுடையது என்றேன். "முன்னுக்கா?" என்றா. ஆம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையால் அந்த ஓட்டைக் கல்லைத் தடவிப் பார்த்தா. பிறகு, "நான் என்ட மகள்ட ஊட்டுல குசினிக்குப் பின்னால இரிக்கன்" என்று மெதுவாகச் சொன்னா. குறை சொல்கிற மாதிரி இல்லை. நேரம் சொல்கிற மாதிரி.

போன ஷவ்வாலில் நிக்காஹ் நடந்தது. மூன்று கதவையும் இழுத்துவிட்டு, ஆண்கள் முன்னுக்கும் பெண்கள் முற்றத்தில் மாமரத்தடியிலும் இருந்தோம். 200 பேருக்குச் சாப்பாடு வைத்தோம், மண்டபத்துக்குக் காசு கட்டவில்லை. மகளும் மருமகனும் மேலே இருக்கிறார்கள். அவர் வந்த மூன்றாம் நாள் கேட்ட முதல் கேள்வி, "மாமி, இந்தச் சீற்றுக்கு மேல சூரியக் கரண்டுத் தட்டு வைக்கலாமா?" பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தால் மேல்வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம், எங்கள் கதவைக் கடந்து யாரும் போகத் தேவையில்லை. என் இரண்டாவது தங்கச்சி இன்னும் எங்கள் வீட்டை வீடு என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெயில் நேரத்தில் எங்கள் அறையில்தான் வந்து படுக்கிறாள்.

அந்தப் பிள்ளையின் தாளுக்கு வருகிறேன். யன்னல் வைக்க முடியாத அறைக்கு வேறு வழி இருக்கிறதா என்று வகுப்பில் எல்லோருமாகப் பேசினோம். கூரையின் உயர்ந்த இடத்தில் ஒரு திறப்பு விட்டு, அதற்கு மேலே ஒரு சின்னக் கூரை வைத்தால் சூடான காற்று மேலால் போகும், கதவின் கீழ்ப்பாதியில் சட்டம் அடித்தால் குளிர்ந்த காற்று கீழால் வரும், ஒரு கண்ணாடித் தகடு வைத்தால் வெளிச்சமும் விழும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து கீறிக்கொண்டாள். போன கிழமை இடைவேளையில் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், வாப்பா அளவு கேக்கச் சொன்னார். ஓடாவி வெள்ளிக்கிழமை வாறாராம்."

ஒன்றரை அடிக்கு இரண்டடி போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.